பூட்ஸ் தேய்த்த வளையம்

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை அறையில் இருந்தவர்கள் இவர்கள். டாக்டர் ரெபெக்கா. பிசியோதெரபி நசீர். ஆம்பூரில் தோல் ஷாப்பில் வேலை செய்யும் பாபு. அவன் மனைவி மல்லிகா. அவன் தம்பி சீனு. அப்புறம் நான், அட்டெண்டர் தேவராஜ். ஆறு பேர். முட்டி பன்னிரண்டு. ஆஸ்பத்திரி சீட்டு ஒன்றே ஒன்று, பாபு பெயரில்.

இதை எழுதச் சொன்னது நசீர். நான் ரிட்டையர் ஆகி ஒரு வருஷம் ஆகிறது. போன மாதம் விரிஞ்சிபுரத்தில் என் வீட்டுக்கு வந்தார். எங்கள் பழைய அறையில் புது ஆராய்ச்சி ஆரம்பித்திருக்கிறார்களாம்.

"ஆறாம் மாசம் செக்கப்புக்கு யாரும் பஸ் ஏறி வர வேணாம்ண்ணே. வூட்லருந்தே போன்ல முட்டிய மடக்கிக் காட்டினா போதும். கம்ப்யூட்டரே பாத்துக்கும்" என்றார்.

"அது யாரு முட்டின்னு கம்ப்யூட்டருக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

நசீர் சிரித்த சிரிப்பில் டீ சட்டை மேல் கொட்டியது. "இதத்தான் புதுசா வந்த டாக்டருங்களுக்கு எழுதிக் குடுங்கன்றேன்."

எழுதுகிறேன். எட்டாவது வரை படித்தவன். நீட்டி எழுத வராது.

தோல் பதனிடும் ஆலையை எங்கள் பக்கம் ஷாப்பு என்போம். பதினெட்டு வயதில் நான் ஷாப்புக்குப் போனேன். என் அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்தது. அவன் இடம் போய்விடக் கூடாது என்று அவன் பெயரில் நான் போய் நின்றேன். மேஸ்திரி ஒன்றும் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள். ஒருவன் வர முடியாவிட்டால் தம்பியோ மச்சானோ வந்து அவன் இடத்தில் நிற்பது அங்கே வழக்கம். அட்டெண்டன்ஸில் பெயர் அவனுடையது, வேலை இவனுடையது. அப்படி நுழைந்து ஆறு வருஷம் சுண்ணாம்புத் தொட்டியில் இருந்தேன். பிறகு வேலூரில் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுத்தார்கள். கூட்டினேன். ஸ்ட்ரெச்சர் தள்ளினேன். மாவுக்கட்டு அறையில் கால் பிடித்தேன். என் படிப்பு அவ்வளவுதான்.

டாக்டர் ரெபெக்கா என்னை மாவுக்கட்டு அறையிலிருந்து கேட்டு வாங்கினார். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார். "உங்க கை அவசரப்படல."

முட்டிக்குள் ஒரு ஜவ்வு இருக்கிறது. சுண்டுவிரல் பருமன். தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் இழுத்துப் பிடித்திருப்பது அது. பாதம் ஊன்றியபடி இருக்க உடம்பு மட்டும் திரும்பினால் அறுந்துபோகும். அறுந்தவர்களில் யாருக்கு ஆபரேஷன் வேண்டும், யாருக்குப் பயிற்சி போதும் என்று கண்டுபிடிப்பதுதான் டாக்டரின் ஆராய்ச்சி. கையால் பார்த்துச் சொல்வதும் ஸ்கேன் சொல்வதும் ஒத்துப் போகிறதா என்பதும் அதில் சேர்த்தி.

அவர் பார்க்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஃபிளாஸ்கில் இருந்து வெந்நீர் ஊற்றிக் கையை நனைப்பார். துடைப்பார். கை சில்லென்று இருந்தால் நோயாளியின் தொடை இறுகிக்கொள்ளும். இறுகிய தொடை உள்ளே இருப்பதைக் காட்டாது. பிறகு முட்டியைக் கொஞ்சமாக மடக்குவார். ஒரு கை தொடையைப் பிடிக்கும். மற்றது கீழ்க்காலைப் பிடித்து முன்னால் இழுக்கும். ஜவ்வு நன்றாக இருந்தால் கயிறு இழுத்து நின்றது போல் டக்கென்று நிற்கும். அறுந்திருந்தால் நிற்காது. ஈரத் தோலை இழுத்தால் வருவது போல் வந்துகொண்டே இருக்கும். இந்த உவமையை நான்தான் சொன்னேன். டாக்டர் மாணவர்களுக்கு அப்படியே சொல்லிக்கொடுத்தார்.

அவர் இழுக்கும்போது நோயாளியிடம் பேச்சுக் கொடுப்பது என் வேலை. "எந்த பஸ்ல வந்தே? உக்கார இடம் கெடச்சுதா?" அவ்வளவு போதும். இடம் கிடைக்காத கதையைச் சொல்ல ஆரம்பித்தால் தொடை தானாகத் தளர்ந்துவிடும்.

அதற்கு முன்னால், டாக்டர் உள்ளே வருவதற்குள், நான் அளக்க வேண்டும். முட்டிச் சில்லின் மேல் விளிம்பிலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு கோடு. அந்த இடத்தில் தொடையைச் சுற்றி டேப். இறுக்கக் கூடாது, தொங்கவும் கூடாது. இரண்டு தொடையும் அளக்க வேண்டும். அடிபட்ட கால் வேலை செய்யாமல் மெலிந்துபோகும். எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பது கணக்கு. துணி டேப் நாளாக நாளாக நீளும் என்பதால் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அதை இரும்பு ஸ்கேலில் வைத்துச் சரிபார்க்கச் சொன்னார்.

ஒரு ரூல் போட்டார். "தேவராஜ், நீங்க அளந்தத என்கிட்ட சொல்லக் கூடாது. முகத்துலயும் காட்டக் கூடாது. எழுதி, மடிச்சு, பொட்டியில போட்ருங்க. தெரிஞ்சிட்டா என் கை அதுக்குத் தகுந்த மாதிரி தப்பா சொல்லும்."

பெட்டி தகரத்தில். பூட்டு உண்டு. ஆராய்ச்சி முடிந்த பிறகுதான் திறப்பார்கள். பேசாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. நசீர்தான் கிண்டல் செய்வார். "பூட்டு பொட்டிக்கா, அண்ணன் வாய்க்கா?"

பாபு முதலில் வந்தபோது அவனுக்கு முப்பத்தி இரண்டு வயது. தோலைப் போட்டுச் சுழற்றும் பெரிய மர டிரம் ஓடும் பக்கத்தில் வேலை. தரை எப்போதும் ஈரம். ரப்பர் பூட்ஸ் சாக்கடைக் கம்பியில் மாட்டிக்கொண்டது. உடம்பு திரும்பிவிட்டது.

"டப்புன்னு ஒரு சத்தம்ண்ணே. டிரம்முலதான் இன்னாவோ உடைஞ்சிச்சின்னு திரும்பிப் பாத்தேன். பாத்தா நான் கீழ கெடக்கிறேன்" என்றான்.

வலது முட்டி. டாக்டர் இழுத்தார். நிற்கவில்லை. ஸ்கேனும் அறுந்திருப்பதாகச் சொன்னது. நான் அளந்தது மூன்று சென்டிமீட்டர் வித்தியாசம். அவனைப் பயிற்சிக் குழுவில் போட்டார்கள். நசீர் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் மாதம் வந்தான். அப்போதும் மூன்று. ஆறாம் மாதம் ஒரு புதன்கிழமை வரச் சொன்னோம்.

எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டிருந்த வருஷம் அது. மூக்குக்குக் கீழே யாருக்கும் முகம் கிடையாது.

புதன்கிழமை ஆள் வந்தான். சீட்டை நீட்டினான். பெஞ்சில் படுத்தான். நான் கோடு போட்டு அளந்தேன். இரண்டு தொடையும் சமம்.

டேப் நீண்டுவிட்டதோ என்று ஸ்கேலில் வைத்தேன். சரியாக இருந்தது. மறுபடி அளந்தேன். சமம்.

அப்போதுதான் கெண்டைக்காலைப் பார்த்தேன். ஷாப்பில் ஈர வேலை செய்பவனுக்கு ஓர் அடையாளம் உண்டு. பூட்ஸ் விளிம்பு வருஷக்கணக்கில் உராய்ந்து கெண்டைக்காலைச் சுற்றி ஒரு வளையம் விழும். அந்த இடத்தில் முடி இருக்காது. பத்து வருஷம் கழித்தும் முழுசாக முளைக்காது. எனக்கு இன்னும் இருக்கிறது. பாபுவுக்குப் பளிச்சென்று இருந்தது, முதல் நாளே பார்த்திருக்கிறேன். இந்தக் காலில் முடி மேலிருந்து கீழ் வரை ஒரே சீராக இருந்தது.

"எந்த பஸ்ல வந்தே?" என்றேன்.

"டவுன் பஸ்ஸுண்ணே" என்றான். குரலும் ஏறக்குறைய அதே குரல்.

டாக்டர் உள்ளே வந்தார். வெந்நீர். துடைத்தல். இழுத்தார். டக்கென்று நின்றது. நான் பக்கத்தில் இருந்தே பார்த்தேன். டாக்டர் மறுபடி இழுத்தார். நசீரைக் கூப்பிட்டு இழுக்கச் சொன்னார்.

"நசீர், இது நிக்குது."

"நிக்குது மேடம்" என்றார் நசீர். தன் பயிற்சியை நினைத்து அவருக்கு நெஞ்சு ஒரு அங்குலம் விரிந்தது. அதை அளக்க டேப் தேவைப்படவில்லை.

நான் சமம் என்று எழுதினேன். மடித்தேன். பெட்டியில் போட்டேன். பேசக் கூடாது என்பது ரூல். பேசவில்லை.

வியாழக்கிழமை அதே ஆள் ஸ்கேனுக்கு வந்தான். அந்தக் குழாய்க்குள் அரை மணி நேரம் ஆடாமல் கிடந்தான். ஜவ்வு முழுசாக இருந்தது. வெள்ளிக்கிழமை டாக்டர் இரண்டு ஸ்கேன் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவைத்து நின்றுகொண்டே இருந்தார். அவர் பாட்டு முணுமுணுத்து அன்றுதான் கேட்டேன்.

"அறுந்த ஜவ்வு இவ்ளோ நல்லா ஒட்டி நான் பாத்ததே இல்ல. பத்து நாள்ல மெட்ராஸ்ல மீட்டிங். இதக் காட்டப் போறேன்" என்றார்.

டாக்டர் பத்து ஊர் டாக்டர்கள் முன்னால் நின்று வேறொருவன் முட்டியைக் காட்டப் போகிறார். அதை நம்பி நாளைக்கு எவனோ ஒருவனுக்கு ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்வார்கள். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பாபுவின் நிஜ முட்டி எங்கேயோ ஈரத் தரையில் நடந்துகொண்டிருக்கிறது. அது எப்படி இருக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

ஆனால் எதை வைத்துச் சொல்வது? கெண்டைக்கால் முடியை வைத்தா?

ஞாயிற்றுக்கிழமை டேப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஆம்பூர் போனேன். சீட்டில் விலாசம் இருந்தது. கதவைத் திறந்தவன் என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் கத்தினான்.

"அண்ணே! ஆஸ்பத்திரி!"

முதல் தடவையாக மாஸ்க் இல்லாமல் பார்த்தேன். மூக்கும் கண்ணும் பாபு மாதிரிதான். கீழே ஒரு மீசையும் இருந்தது. இவன் சீனு, பாபுவை விட ஒன்றரை வயது சின்னவன், ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவன் என்று அப்புறம் தெரிந்தது. உட்கார்ந்து செய்யும் வேலை. பூட்ஸ் கிடையாது.

பாபு உள்ளே இருந்து வந்தான். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"வாங்கண்ணே. முட்டி நல்லா ஆயிடுச்சின்னு டாக்டரம்மா சொன்னாங்களாமே?"

"ஆயிடுச்சி. உன் தம்பிக்கு."

மல்லிகா டீ டம்ளரோடு அப்படியே நின்றாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. புருஷன்தான் ஆஸ்பத்திரி போய் வந்தான் என்று நினைத்திருக்கிறாள்.

"இன்னாடா சொல்றாரு இவரு?" என்று சீனுவைக் கேட்டாள்.

சீனு தலையைச் சொறிந்தான். "அண்ணனுக்கு ரெண்டு நாளும் லீவு தரல அண்ணி. ஷிப்மென்ட் ஜாஸ்தி. டாக்டரம்மா அவ்ளோ தூரம் கூப்ட்டிருக்காங்க, யாரும் போவாம இருந்தா மரியாத இல்லன்னு நான் போய்ப் படுத்தேன். ஷாப்புல ஒருத்தன் வரலன்னா ஒருத்தன் போறதில்லியா?"

"அப்போ ஆபரேஷன் சொன்னா அதுவும் நீயே பண்ணிக்குவியா? பண்ணிக்கோ. எனக்கு ஆஸ்பத்திரிக்கு சோறு தூக்கற பேஜாரு மிச்சம்" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்தது. திட்ட வந்தவன் நான். என் அண்ணன் பெயரில் ஆறு வருஷம் நின்றவனும் நான்தான். எந்த வாயால் திட்டுவது?

பாபு மட்டும் சிரிக்கவில்லை. லீவு பாதிக் காரணம்தான். மீதியை மெதுவாகச் சொன்னான். டிரம் பக்கத்துக்குப் புது மேஸ்திரி போடப் போகிறார்கள். அவன் பெயர் அடிபடுகிறது. முட்டி சரியில்லை என்று ஆஸ்பத்திரியில் எழுதி, அது ஷாப்பில் தெரிந்தால் போச்சு.

"படுத்துக்கோ" என்றேன்.

கட்டிலில் படுத்தான். வளையம் இருந்தது. அளந்தேன். நான்கு சென்டிமீட்டர். ஆறு மாதத்தில் ஒன்று கூடியிருந்தது.

"மடக்கு."

மடக்கினான். நீட்டச் சொன்னேன். பாதியில் நின்றுவிட்டது. நெற்றியில் வேர்வை வந்தது. கையால் பிடித்து ஆட்டி ஆட்டி நீட்டிக்கொண்டான்.

"இது மாதிரி பூட்டிக்கிறது எத்தினி நாளா?"

"ஒரு மாசமா. அன்னிக்கு டிரம்முக்கு மேல நிக்கிறப்போ பூட்டிக்கிச்சி. கம்பியப் பிடிச்சிக்கிட்டேன்."

மல்லிகா டம்ளரைக் கீழே வைத்தாள். "மேல நின்னியா?" என்றாள்.

"செவ்வாக்கிழம மூணு பேரும் வாங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன்.

திங்கட்கிழமை டாக்டர் வெளியூர். அதனால் செவ்வாய்க்கிழமை காலை, மேலே சொன்ன ஆறு பேரும் அறையில். பாபுவும் சீனுவும் பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்டவர்கள் மாதிரி சுவரோரம் நின்றார்கள். டாக்டர் சீட்டைப் பார்த்தார். இருவரையும் பார்த்தார்.

"இதுல பாபு யாரு?"

நான் சொன்னேன். புதன்கிழமை அளந்தது, வளையம், ஞாயிற்றுக்கிழமை அளந்தது, எல்லாம். அந்த அறையில் அவ்வளவு நேரம் நான் பேசியதே இல்லை. நசீர் வாயைத் திறந்தபடி கேட்டார். முடிவில், "புதன்கிழமையே சொல்லியிருக்கணும் மேடம். சொல்லல. தப்பு என்னுது" என்றேன்.

டாக்டர் ஃபிளாஸ்கைத் திறந்தார். கையை நனைத்தார். துடைத்தார்.

"நாலு முட்டியும் மேல போடுங்க."

அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து காலை நீட்டினார்கள். டாக்டர் சீனுவின் முட்டியில் ஆரம்பித்தார். டக்கென்று நின்றது. பாபுவின் முட்டி. ஈரத் தோல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. மடக்கிப் பார்த்தார். பூட்டிக்கொண்டது.

பிறகு சீனு பக்கம் திரும்பினார். "உங்க முட்டி ரொம்ப நல்ல முட்டி. ஆறு நாளா நான் பெருமப்பட்டது இதுக்குத்தான்."

"தேங்க்ஸ் மேடம்" என்றான் சீனு. அதற்குத்தான் எல்லோரும் சிரித்தோம். டாக்டர் மாஸ்க்கைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரித்து முடித்ததும் ஃபாரத்தை எடுத்தார். புதன்கிழமை எழுதியதன் மேல் ஸ்கேல் வைத்து ஒரே ஒரு கோடு போட்டார். கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். அழிக்கக் கூடாது, கிழிக்கக் கூடாது. பக்கத்தில் தேதி, கையெழுத்து. என்னையும் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன்.

பாபுவிடம் சொன்னார். "ஜவ்வு அறுந்தது பழைய கத. இப்போ உள்ள மெத்த மாதிரி இருக்கற குருத்தெலும்பும் கிழிஞ்சி, நடுவுல வந்து மாட்டிக்குது. அதனாலதான் பூட்டிக்குது. ரெண்டையும் சேத்து சரி பண்ணணும். இனிமே தள்ளிப்போட்டா முட்டியே தேஞ்சிடும். டிரம் மேல ஏறக் கூடாது. இன்னியிலருந்து."

"எத்தினி மாசம் மேடம்?"

"ஷாப்பு வேலைக்குன்னா ஒம்பது. ஒரு வருஷம்கூட ஆகலாம்."

பாபு தரையைப் பார்த்தான். "அதுக்குள்ள என் எடம் போய்டும்."

"போவாது. நான் நிக்கிறேன்" என்றான் சீனு.

"நீ தையக்காரன்டா. டிரம்மு தெரியுமா உனக்கு?"

"நீ இருந்த எடத்துல நிக்கத் தெரியாதா? ஸ்கேன்லயே அரை மணி நேரம் நீயா இருந்தேன்."

மல்லிகா முதல் தடவையாகச் சீனு முதுகில் தட்டினாள். பலமாகத்தான் தட்டினாள்.

புதன்கிழமை நான் பேசாததைப் பற்றி டாக்டர் மாலையில்தான் பேசினார். பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"ரூல் போட்டது நான். அளந்தத சொல்ல வேணாம்னேன். ஆள் மாறினாலும் சொல்ல வேணாம்னு சொல்லலையே, தேவராஜ்?"

"இல்ல மேடம்."

"இனிமே?"

"சொல்றேன் மேடம்."

திட்டு அவ்வளவுதான். அடுத்த வாரம் ஃபாரத்தில் புதிதாக ஒரு கட்டம் வந்தது. கால் அடையாளம். வளையம், மச்சம், பழைய தழும்பு, எது இருக்கிறதோ அதை முதல் நாளே நான் எழுத வேண்டும். மெட்ராஸ் மீட்டிங்கில் டாக்டர் இரண்டு ஸ்கேன் படத்தையும் காட்டத்தான் செய்தார். எது பாபு, எது சீனு என்று சொல்லியே காட்டினார். முதலில் எல்லோரும் சிரித்தார்களாம். அப்புறம் ஒருத்தர் பாக்கி இல்லாமல் அந்தக் கட்டத்தை எழுதிக்கொண்டார்களாம்.

பாபுவுக்கு ஆபரேஷன் நடந்தது. பயிற்சிக் குழுவிலிருந்து ஆபரேஷன் குழுவுக்கு மாறியவன் என்று கணக்கில் எழுதினார்கள். சீனு ஷூ கம்பெனியில் சொல்லிவிட்டு ஷாப்பில் போய் நின்றான். அங்கே யாரும் ஒன்றும் கேட்கவில்லை. மல்லிகா ஆஸ்பத்திரிக்குச் சோறு தூக்கினாள். நசீர் பாபுவை விடவில்லை. "இந்த வாட்டி என் மானத்தக் காப்பாத்து தோஸ்த்து. போன வாட்டி உன் தம்பி காப்பாத்தினான்" என்று சொல்லிச் சொல்லி மடக்க வைத்தார்.

மேஸ்திரி வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. "அடுத்தது வரும்ண்ணே" என்றான் பாபு. வரலாம்.

ஒரு வருஷம் முடிந்து கடைசிச் செக்கப்புக்கு அண்ணன், தம்பி இருவரும் வந்தார்கள். பாபு சுவரைப் பிடிக்காமல் நடந்து வந்தான். ஷாப்பில் மறுபடி தன் பெயருக்குத் தானே நிற்கிறான். சீனு பேண்ட்டைத் தூக்கி எனக்குக் காலைக் காட்டினான். கெண்டைக்காலைச் சுற்றி வளையம் விழுந்திருந்தது. புதுசு, லேசாகத்தான்.

"இப்போ எப்படிண்ணே எங்கள கண்டுபிடிப்பீங்கோ?"

"அவனுக்கு முட்டியில தழும்பு இருக்குது" என்றேன்.

அந்த ஆராய்ச்சியில் பாபுவின் முட்டிதான் கடைசி முட்டி. அதற்குப் பிறகு பெட்டியைத் திறக்க வேண்டியதுதான். நான் டேப்பை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன். கோடு போட்டேன். இடது தொடை அளந்தேன். வலது தொடை அளந்தேன். டாக்டர் வந்து இழுத்தார். டக்கென்று நின்றது. தன் கை சொன்னதை முதலில் எழுதி முடித்தார். பேனாவை மூடினார். நான் சீட்டை மடிக்கப் போனேன்.

"மடிக்க வேணாம். இன்னிக்கு வாயத் தொறந்து சொல்லுங்க, தேவராஜ். வித்தியாசம் எவ்ளோ?"

பாபு பெஞ்சில் இருந்து தலையைத் தூக்கிப் பார்த்தான்.

அரை சென்டிமீட்டர்.